காத்திருப்புக் குழு, எண் ஏழு

கருத்தையா பதினெட்டு வருஷம் கண்டக்டர் வேலை பார்த்தவர். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். எடுத்தவன் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான். எடுக்காதவன் கண்டக்டரைப் பார்த்துச் சிரிப்பான். இந்த ஒரே அளவுகோலை வைத்துத்தான் அவர் உலகத்தில் பாதிப் பேரை எடைபோட்டு வந்தார். பெரும்பாலும் தப்பியதில்லை.

வண்ணார்பேட்டையில், பைபாஸுக்குப் பின்னால் இருந்த பொருநை மனநல ஒப்பாய்வு மையத்துக்குள் அவர் முதல்முதலாகக் காலெடுத்து வைத்தபோது, உள்ளே இருந்த அத்தனை பேரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அவராக விரும்பி வரவில்லை. முந்தின வருஷம் கார்த்திகையில், பாபநாசம் போகிற வண்டியில் அவருக்கு டூட்டி. சேரன்மாதேவிக்கு முன்னால், ஓடைத் தண்ணீர் ரோட்டின் மேலேயே ஏறிப் போகிற தாம்போதி ஒன்று உண்டு. மழை விட்டிருந்தது, தண்ணீர் விடவில்லை. டிரைவர் தில்லைநாயகம் வண்டியை நிறுத்திவிட்டுத் தலையைத் திருப்பி, "போலாமாவே?" என்று கேட்டார். வண்டி ஏற்கெனவே இருபது நிமிஷம் தாமதம். உள்ளே நாற்பத்தொரு பேர். கருத்தையா ரெண்டு விசில் அடித்தார். ஒரு விசில் என்றால் நில், ரெண்டு விசில் என்றால் போ. தில்லைநாயகம் போனார். பாதித் தாம்போதியில் வண்டி சாய்ந்தது. ஊர்க்காரர்கள் கயிறு போட்டு கருத்தையாவையும் முப்பத்தெட்டுப் பயணிகளையும் இழுத்தார்கள். மற்ற மூன்று பேரையும் தில்லைநாயகத்தையும் மறுநாள்தான் எடுக்க முடிந்தது.

அதற்குப் பிறகு விசில் உதட்டுக்கு வரும், மூச்சு வராது. மூன்று நாள் டூட்டியில் ஏறிப் பார்த்தார். வாயால் 'ரைட்' சொல்லலாம் என்றால் தொண்டையும் அடைத்துக்கொண்டது. மூன்றாம் நாள் ஜங்ஷனிலிருந்து வண்டி கிளம்பவே இல்லை. பயணிகள் இறங்கி வந்து பார்த்தபோது அவர் பின்படிக்கட்டில் விசிலைக் கடித்தபடி, வேர்வையில் சட்டையெல்லாம் நனைய நின்றுகொண்டிருந்தார். நீண்ட விடுப்புக்குப் பின் டிப்போவிலிருந்து மெமோ வந்தது. டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் மனநலச் சான்று தர வேண்டும், தவறினால் பணியிலிருந்து விடுவிப்பு. கிளை மேலாளர் குற்றாலலிங்கம் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவருக்கு மேலேயும் ஆட்கள் இருந்தார்கள்.

"முத்திரை போட்ட பேப்பர் ஒண்ணு கொண்டாரும்வே. அது இல்லாம என்னால கையெழுத்துப் போட முடியாது" என்றார்.

அந்தப் பேப்பரைத் தரும் அதிகாரம் திருநெல்வேலியில் மையத்துக்கு மட்டும்தான் இருந்தது. மையமோ அந்த வருஷம் யாரையும் சும்மா பார்ப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தது. டெல்லியிலிருந்து ஓர் ஒப்பாய்வுக்கு அனுமதி கிடைத்திருந்தது. பெரும் அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்க்கு எந்தச் சிகிச்சை சிறந்தது என்று கண்டுபிடித்து உலகத்துக்குச் சொல்லப்போகிறார்கள். விபத்து, வெள்ளம், வெடி என்று எதிலிருந்தாவது தப்பிப் பிழைத்தவர்கள் நாற்பது பேர் தேவைப்பட்டார்கள். பிழைத்தவர்களுக்கு நம் ஜில்லாவில் பஞ்சமா?

இயக்குநர் டாக்டர் அம்பலவாணன் தொடக்க விழாவில் முக்கால் மணி நேரம் பேசினார். மொத்தம் மூன்று முறைகள். நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது ஒன்று. அதற்கு ஆய்வாளர் குருபிரசாத் பொறுப்பு. உடம்பைத் தளர்த்தி மூச்சை எண்ண வைப்பது இன்னொன்று; அது ஆய்வாளர் அனுராதாவுடையது. மூன்றாவது, நோயாளி நடந்ததை நினைத்துக்கொண்டே மருத்துவரின் ஆட்காட்டி விரல் இடமும் வலமும் போவதைக் கண்ணால் தொடர்வது. இதை வெளிநாட்டில் நான்கு நாள் தங்கிக் கற்றுவந்தவர் இயக்குநரே. அந்த விரலை அவர் பேசும்போதும் தூக்கியே வைத்திருந்தார். முன்வரிசையில் இருந்தவர்களின் கண்கள் தாமாகவே அதன் பின்னால் போய்வந்தன.

"நான்காவதாகவும் ஒரு குழு உண்டு. அறிவியலில் அதற்குத்தான் முதல் மரியாதை" என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "அவர்களுக்கு நாம் ஒன்றுமே செய்யமாட்டோம்."

கைதட்டினார்கள்.

யார் எந்தக் குழு என்பதில் பாரபட்சம் கூடாது என்று குடத்தில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள். குலுக்குவதற்கு முன் தேங்காய் உடைத்தார்கள். அது நேராக இரண்டாக உடைந்ததை நல்ல சகுனமென்று ஆய்வறிக்கையிலேயே குறித்துக்கொண்டார்கள். கருத்தையாவின் சீட்டில் 'காத்திருப்பு - 7' என்று இருந்தது.

"எத்தனை நாள் காக்கணும் சார்?"

"பதினாறு செவ்வாய்க்கிழமை. ஒவ்வொரு செவ்வாயும் வந்து படிவத்தை நிரப்பிட்டுப் போயிரணும். வேற ஒண்ணும் கிடையாது" என்றார் குருபிரசாத்.

"அப்போ எனக்கு வைத்தியம்?"

"உங்களுக்கு வைத்தியம் செஞ்சா அவங்களுக்கு நாங்க செஞ்சதுல பலன் இருந்துச்சான்னு எப்படித் தெரியும்? நீங்க இப்படியே இருக்கணும். இருந்தாத்தான் எங்களுக்கு உதவி."

பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ காரணம் சொல்லி டிக்கெட் எடுக்காமல் இறங்கியிருக்கிறார்கள். இவ்வளவு நல்ல காரணத்தைக் கருத்தையா கேட்டதில்லை.

படிவத்தில் பதினேழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் நாலு வரை மதிப்பெண். 'கடந்த ஏழு தினங்களில் தங்களது பற்றுதல் உணர்வு குன்றியதா' என்று ஒரு கேள்வி. 'அந்நிகழ்வை நினைவூட்டும் பொருட்கள், இடங்கள், செயல்களைத் தவிர்க்கிறீர்களா' என்று இன்னொன்று. பற்றுதல் பற்றி அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்பதற்குக் கட்டம் இல்லாததால் மூன்று போட்டார். விசில் பற்றி எந்தக் கேள்வியும் இல்லை. மொத்தம் நாற்பத்தொன்பது. நாற்பதுக்கு மேலே போனால் நோயாளி, இருபதுக்குக் கீழே வந்தால் குணம்.

காத்திருப்புக் குழுவுக்கு வராந்தாவில் ஒரு மரப்பெஞ்சு. சுவரில் ஒரு பலகை: 'காத்திருப்போர் தமக்குள் நிகழ்வு குறித்து உரையாடலாகாது.' உரையாடினால் அதுவே சிகிச்சையாகிவிடும், ஆய்வு கெட்டுவிடும் என்றார்கள். பத்துப் பேரும் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். பக்கத்தில் இருப்பவனிடம் எந்த ஊர் என்று கேட்காமல் அரைமணி நேரம் உட்காருவதே அவர்களுக்குப் பெரிய தண்டனை. கருத்தையாவுக்கு மட்டும் அந்தப் பலகை வசதியாக இருந்தது. ஏனென்றால் பெஞ்சின் மறுகோடியில் இருந்த பார்வதியம்மாளை அவர் அன்றைக்கே அடையாளம் கண்டுகொண்டார். தாம்போதியில் சாய்ந்த வண்டியில் மூன்றாவது சீட், ஜன்னலோரம், சேரன்மாதேவி ஒன்று, சரியான சில்லறை. கண்டக்டர்கள் முகத்தை மறப்பதில்லை. அந்த அம்மாள் தன்னை அடையாளம் கண்டுகொள்ளக் கூடாதே என்று பக்கத்துப் புங்கமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டிக்கெட் எடுத்தவனைப் போல.

முதல் இரண்டு வாரம் பெஞ்சுக்காரர்களுக்கு ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்தார்கள். மூன்றாம் வாரம் அனுராதா ஓர் ஆட்சேபம் எழுப்பினார். பிஸ்கட் கொடுப்பதும் அக்கறை காட்டுவதுதானே, அக்கறை சிகிச்சையில் சேருமா சேராதா? ஒரு கமிட்டி போட்டார்கள். கமிட்டி இரண்டு தடவை கூடி, முந்திரியும் காபியும் சாப்பிட்டு, பிஸ்கட் ஒரு சிகிச்சையே என்று ஒருமனதாக முடிவு செய்தது. டீயின் விஷயத்தில் கருத்து வேறுபாடு இருந்ததால் முன்னெச்சரிக்கையாக அதையும் நிறுத்தினார்கள். வாசல் காவலாளி 'வாங்கய்யா' என்று சொல்வதையும் நிறுத்தச் சொல்லி எழுத்துமூலம் உத்தரவு போனது. அதற்குப் பிறகு அவர் அவர்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாவம், அவருக்கும் அது கஷ்டமாகத்தான் இருந்தது.

மற்ற மூன்று அறைகளிலும் நடப்பது பெஞ்சிலிருந்தே தெரிந்தது. குருபிரசாத்தின் அறையில் ஒரு நெல் வியாபாரி, லாரி கவிழ்ந்த கதையைப் பதினான்காவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பழகப் பழகக் கதை நன்றாக வந்தது. லாரியின் வேகம் ஏறியது, பள்ளத்தின் ஆழம் கூடியது, புதிதாக ஒரு பாம்பும் சேர்ந்துகொண்டது. அனுராதாவின் அறையில் பாய்கள் விரித்து எல்லோரையும் படுக்கவைத்திருந்தார்கள். குறட்டை கேட்டால் அதை வெற்றியென்று குறித்தார்கள். இயக்குநரின் அறையில் சத்தமே இல்லை. வெளியே வருகிறவர்கள் ரோட்டைத் தாண்டும்போது மட்டும் பஸ்ஸைப் பார்க்காமல் இடமும் வலமும் எதையோ பார்த்தார்கள்.

இத்தனைக்கும் நடுவே ஒவ்வொரு வெள்ளியும் மதிப்பெண்களைக் கூட்டினார்கள். குருபிரசாத் கூட்டினால் திரும்பச் சொல்லும் முறை முன்னணியில் இருந்தது. அனுராதா கூட்டினால் மூச்சு. இயக்குநர் கூட்டினால் விரல். கூட்டல் தெரியாதவர்கள் அங்கே யாரும் இல்லை. எல்லோரும் மேற்படிப்புப் படித்தவர்கள். மூன்று பேரும் ஒத்துக்கொண்ட விஷயம் ஒன்றே ஒன்று: காத்திருப்புக் குழு எல்லோருக்கும் கீழே இருக்கிறது. அந்த ஒன்றின் மேல்தான் மொத்த மையமும் நின்றுகொண்டிருந்தது.

டீ நின்றுபோனதால், படிவம் நிரப்பி முடித்த பெஞ்சுக்காரர்கள் வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடைக்குப் போக ஆரம்பித்தார்கள். கமிட்டி இதை யோசிக்கவில்லை. காம்பவுண்டுக்கு வெளியே பலகை கிடையாது.

ஆறாவது செவ்வாய், டீக்கடை பெஞ்சில் மூன்று பேர் மிஞ்சியிருந்தார்கள். கருத்தையா, பார்வதியம்மாள், சாத்தான்குளத்துப் பக்கம் கிணறு வெட்டும் அருமைநாயகம். மழை தூறத் தொடங்கியதால் யாரும் எழுந்திருக்க முடியவில்லை. பார்வதியம்மாள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மழையைப் பார்த்தபடி பேசினார்.

"கண்டக்டர் தம்பி, அன்னைக்கு நீங்க விசில் அடிக்கதுக்கு முன்னால, பஸ்ஸுக்குள்ள ஒரு பொம்பளை 'போங்கய்யா, முகூர்த்தம் தப்பிரும்'னு சத்தம் போட்டாளே. உங்க காதுல விழுந்துச்சா?"

கருத்தையா அந்த அம்மாளை முதல்முறையாக நேராகப் பார்த்தார். அவரை அடையாளம் தெரிந்துதான் அந்த அம்மாள் ஆறு வாரமாக அந்தக் கோடியில் உட்கார்ந்திருக்கிறார்.

"விழுந்துச்சும்மா."

"அது நான்தான்."

டீக்கடைக்காரர் அடுப்பைக் குறைத்தார்.

"அக்கா மகளுக்குக் கல்யாணம். தாலி கட்டுறதைப் பாக்கணும்னு ஆசை. இந்த ஒரு வருஷமா நான் யார்ட்டயும் சொல்லலை. அவங்க குடுக்க பேப்பர்லயும் அதை எழுத இடம் இல்லை."

"சத்தம் யாரு வேணும்னாலும் போடலாம்மா" என்றார் கருத்தையா. "விசில் எங்கிட்டல்லா இருந்துச்சு."

"இருந்துச்சு. நான் இல்லேங்கலை. ஆளுக்குப் பாதி வச்சுக்கிடுவோம்."

அருமைநாயகம் இதுவரை வாய் திறக்காதவர். கிணற்றுக்குள் தம்பி இருக்கிறான் என்று தெரியாமல் வெடிக்குத் திரி பற்றவைத்தவர் அவர். "எனக்குப் பாதி வாங்க ஆளில்லையே" என்றார்.

"அதையும் இங்கன வையும் அண்ணாச்சி. பைய பேசிக்கிடுவோம்" என்றார் கருத்தையா.

அப்புறம் ஒவ்வொரு செவ்வாயும் அதுதான் நடந்தது. முறை என்று எதுவும் கிடையாது. சில நாள் அழுதார்கள், சில நாள் வாழைத்தார் விலையைப் பேசிவிட்டுப் போனார்கள். கடைக்காரர் நடுநடுவே புகுந்து, சம்பந்தமில்லாமல் தன் மைத்துனனைத் திட்டினார். பன்னிரண்டாவது செவ்வாய், கருத்தையா வீட்டுப் புறவாசலில் நின்று விசிலை வாயில் வைத்தார். ஒரு விசில் வந்தது. ரெண்டாவது வரவில்லை. ஆனாலும் ஒன்று வந்தது.

அந்த வாரம் அவருடைய மதிப்பெண் பதினான்கு. பார்வதியம்மாளுக்கு பதினொன்று. அருமைநாயகத்துக்கு இருபத்திரண்டு.

மையம் அதிர்ந்துபோனது. திரும்பக் கூட்டினார்கள். ஆளை மாற்றிக் கூட்டினார்கள். மூன்று பேர் கூட்டினாலும் ஒரே விடை வந்தது, அந்த மையத்தின் சரித்திரத்தில் முதல்முறையாக. இயக்குநர் கருத்தையாவைத் தன் அறைக்கு அழைத்தார். குருபிரசாத்தும் அனுராதாவும் இரண்டு பக்கமும் நின்றார்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"யார் உங்களைக் குணப்படுத்தினது?"

"யாரும் இல்லை சார்."

"யாரும் இல்லாம எப்படிக் குணமாகும்? எங்க அனுமதி இல்லாம எங்கயோ போய் ஏதோ பண்ணியிருக்கீங்க."

கருத்தையா டீக்கடையைச் சொன்னார். அனுராதா 'கலப்படம்' என்று குறித்துக்கொண்டார். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, அடிபட்ட மனிதரைப் போல மெதுவாகப் பேசினார்.

"கருத்தையா, இந்த மையத்துல இருபத்தியாறு பேருக்குச் சம்பளம். மூணு முறை, மூணு பேரோட பதினஞ்சு வருஷப் படிப்பு. நான் இந்த விரலுக்காக விமானத்துல போய்வந்தவன். நீங்க ஒரு டீயைக் குடிச்சிட்டு எல்லாரையும் முந்திட்டா, நாங்க டெல்லிக்கு என்னன்னு எழுதறது? டீ நல்லதுன்னு எழுதவா? கொஞ்சம் பொறுப்போட நோயா இருக்கக்கூடாதா?"

கருத்தையா சான்றிதழைப் பற்றிக் கேட்டார். டிசம்பர் முப்பத்தொன்றுக்கு ஐந்து வாரம்தான் இருந்தது.

அதில்தான் சிக்கல் என்றார்கள். சிகிச்சை பெற்றுக் குணமானவருக்கே மையம் சான்று தர முடியும். அவர் சிகிச்சை பெறவில்லை. சரி, சிகிச்சையை இப்போது கொடுங்கள் என்றால், நாற்பதுக்கு மேல் மதிப்பெண் உள்ளவருக்குத்தான் கொடுக்கலாம். அவருக்கோ பதினான்கு. ஆகவே குணமானதால் அவர் சிகிச்சைக்குத் தகுதியில்லாதவர். சிகிச்சை இல்லாததால் குணமாகாதவர். குருபிரசாத் இதை ஒரு தாளில் வட்டமாக வரைந்து காட்டினார். வட்டம் அழகாக வந்திருந்தது.

டெல்லியிலிருந்து மதிப்பீட்டாளர் கார்த்திகையில் வந்தார். அவருக்குச் சம்பவம் நடந்த இடத்தைக் காட்டிவிட்டு, பாபநாசத்தில் மதியச் சாப்பாடு என்று ஏற்பாடு. இயக்குநரும் ஆய்வாளர்கள் இருவரும் கூடவே வர, குழுவுக்கு ஒரு நோயாளியாக வேனில் ஏற்றினார்கள். சிகிச்சை பெற்றவர்கள் மூன்று பேர், பெறாதவர் கருத்தையா. 'சிகிச்சை தராவிட்டால் மனிதன் என்ன ஆவான்' என்று காட்ட அவர் வேண்டியிருந்தது. வந்தால் சான்று விஷயத்தைப் பார்க்கலாம் என்றார்கள். சட்டைப்பையில் விசிலோடு வந்தார். அது எப்போதும் அங்கேதான் இருக்கும்.

இரண்டு நாள் மழை. தாம்போதி மேல் செம்மண் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. வேன் டிரைவர் நிறுத்தினார். இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "போப்பா, முழங்கால் தண்ணிகூட இருக்காது. சாப்பாடு ஆறிடும்" என்றார். டிரைவர் தலையைத் திருப்பி, குறிப்பாக யாரையும் பார்க்காமல், "போலாமாய்யா?" என்று கேட்டார்.

அதே இடம், அதே கேள்வி. கருத்தையாவின் கை சட்டைப்பைக்குப் போனது. வேனுக்குள் ஒரே ஒரு நீண்ட விசில் கேட்டது.

இந்தப் பக்கத்தில் வண்டி ஓட்டிய எந்தக் காலும் அந்தச் சத்தத்துக்கு பிரேக்கை விட்டு நகராது. டிரைவர் எஞ்சினையே அணைத்துவிட்டார். இயக்குநர் கோபத்தில் எழுந்து வேன் கூரையில் தலையை இடித்துக்கொண்டார். மதிப்பீட்டாளர் என்ன ஆயிற்று என்று ஆங்கிலத்தில் கேட்டார். யாரும் பதில் சொல்வதற்குள், முழுத் தென்னைமரம் ஒன்று வேரும் மண்ணுமாக வந்து தாம்போதியைக் குறுக்கே கடந்து போனது. போயிருந்தால் வேன் இருந்திருக்கும் இடத்தைத்தான் கடந்தது.

விரல் முறையில் குணமானவர் அந்த மரத்தை இடமிருந்து வலமாகக் கண்ணால் தொடர்ந்தார். மூச்சு முறைக்காரர் பத்துவரை எண்ணினார். நெல் வியாபாரி லாரிக் கதையை ஆரம்பித்தார்.

தண்ணீர் வடிய இரண்டரை மணி நேரம் ஆனது. அதுவரை இந்தியாவின் மனநல நிபுணர்கள் நாலு பேரும் கருத்தையாவோடு ரோட்டோரம் காத்திருந்தார்கள். சாப்பாடு ஆறிப்போயிருக்கும். அந்த நேரத்தில் இயக்குநர் சும்மா இருக்கவில்லை. படிவத்தை எடுத்து, கருத்தையாவுக்குப் பதிலாகத் தாமே நிரப்பினார். நினைவூட்டும் இடங்களைத் தவிர்த்தல்: நாலு. திடுக்கிடுதல்: நாலு. மிகை எச்சரிக்கை: நாலு. மொத்தம் நாற்பத்துமூன்று வந்தது. அவர் முகத்தில் இரண்டு வாரத்துக்குப் பிறகு நிம்மதி தெரிந்தது. மதிப்பீட்டாளர் அங்கேயே கையெழுத்துப் போட்டார். ஒப்பாய்வு பிழைத்தது.

உயிரோடு இருந்தது ஒப்பாய்வு மட்டுமல்ல என்பதைப் படிவத்தில் குறிக்கக் கட்டம் இல்லை.

டிசம்பர் முப்பதாம் தேதி கருத்தையா கையில் முத்திரை போட்ட பேப்பர் கிடைத்தது. டிப்போவில் குற்றாலலிங்கத்தின் மேசையில் அதை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றார். வேலை போய்விட்டது என்றே முடிவு செய்திருந்தார். மேலாளர் சத்தமாகவே படித்தார்.

"மேற்படியாருக்கு நோய் நீங்கவில்லை. பெருக்கெடுத்த நீரைக் கண்டால் வாகனத்தைத் தொடரவிடாமல் நிறுத்திவிடுகிறார். மேலதிகாரிகள் வற்புறுத்தினும் கேட்பதில்லை."

அதையே மறுபடி ஒருதரம் மனதுக்குள் படித்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"இந்த நோய் அன்னைக்குத் தில்லைநாயகத்துக்கு இருந்திருக்கணும்வே" என்றார்.

"எனக்கும் இருந்திருக்கணும் சார்."

குற்றாலலிங்கம் பேனாவைத் திறந்தார். "சான்று கேட்டேன், குடுத்திட்டீரு. முத்திரை இருக்கு. நாளையிலேருந்து டூட்டி."

ஒப்பாய்வறிக்கை தை மாதம் அச்சாகி வந்தது. மூன்று முறைகளும் சமமாகச் சிறந்தவை, காத்திருப்பதால் பயனில்லை, மேலும் ஆராய நிதி தேவை என்று அதில் இருந்தது. காத்திருப்பு ஏழாம் எண்ணுக்கு நேரே 'முன்னேற்றம் இல்லை'.

முன்னேற்றம் இல்லாத அந்த மனிதர் டூட்டிக்குத் திரும்பிய முதல் நாள், டிசம்பர் முப்பத்தொன்று, பாபநாசம் வண்டி தாம்போதிக்கு முன்னால் ஒரு விசிலில் நின்றது. கணுக்கால் தண்ணீர். கருத்தையா இறங்கி, செருப்பைக் கழற்றி, மறுகரை வரை நடந்துபோய்த் திரும்பி வந்தார். உள்ளே சலசலப்பு. நேரமாகிறது, இது ஒரு தண்ணியா, போங்கய்யா என்று நாலைந்து குரல்கள். மூன்றாவது சீட்டு ஜன்னலோரத்திலிருந்து ஒரு வயதான குரல் அவற்றை வெட்டியது.

"அவுக சொல்லட்டும்."

வண்டி அடங்கியது. கருத்தையா ஈரக்காலோடு படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆட்களை எண்ணினார். முப்பத்தாறு. இன்னொருமுறை எண்ணினார்.

பிறகு ரெண்டு விசில் அடித்தார்.